ஒரே ஒரு வாக்கு: அவுஸ்திரேலியாவின் காபன் சட்டக் கதை

காலநிலை மாற்றம் என்றதும் பாடப்புத்தகங்கள் பனிப்பாறை உருகுவது, கடல் மட்டம் உயர்வது என்பதோடு முடிந்துவிடும். அதைத் தடுக்க ஒரு பாராளுமன்றத்தில் சட்டம் கொண்டுவர என்ன பாடுபட வேண்டும் என்பது அவற்றில் இருக்காது. அதற்கு அவுஸ்திரேலியாவின் கதையை நாம் ஒருமுறை வாசித்துப் பார்ப்பது நல்லது.

2007 தேர்தலில் தொழிற் கட்சியின் கெவின் ரட் வென்றார். காலநிலை மாற்றம் நம் தலைமுறையின் பெரிய தார்மீகச் சவால் என்று பேசிவந்தவர் அவர். புகை வெளியிடும் கம்பனிகள் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற அவரது சட்டமூலத்தை 2009 ஓகஸ்டில் செனட் சபை தோற்கடித்தது. பிறகு எதிர்க்கட்சித் தலைவர் மல்கம் டேர்ன்புல் அரசோடு பேசி உடன்பாட்டுக்கு வந்தார். அவரது லிபரல் கட்சிக்குள்ளேயே கலகம் வெடித்தது. டிசம்பர் 1ஆம் திகதி தலைமைப் பதவிக்கு வாக்கெடுப்பு நடந்தது. டோனி அபொட் 42, டேர்ன்புல் 41. ஒரே ஒரு வாக்கு!

மறுநாள் செனட் சபையில் சட்டமூலம் 33க்கு 41 என்று மீண்டும் தோற்றது. இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். லிபரல் கட்சியின் இரண்டு பெண் செனட்டர்கள் கட்சியை மீறி ஆதரவாக வாக்களித்தார்கள். ஆனால் சூழலுக்காகவே அரசியல் செய்யும் பசுமைக் கட்சியின் ஐந்து பேரும் எதிர்த்தார்கள். 2020க்குள் 5 வீதக் குறைப்பு என்பது போதாது, கம்பனிகளுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த ஐந்து வாக்கும் மாறியிருந்தால் 38க்கு 36 என்று சட்டம் நிறைவேறியிருக்கும்.

2010இல் ரட் திட்டத்தை ஒத்திவைத்தார், பதவியையும் இழந்தார். அடுத்து வந்த ஜூலியா கிலார்ட், காபன் வரி கொண்டுவர மாட்டேன் என்று தேர்தலுக்கு முன் சொன்னவர். பெரும்பான்மை கிடைக்காமல் பசுமைக் கட்சியினதும் சுயேச்சைகளினதும் தயவில் ஆட்சி அமைத்ததால், 2011 ஒக்டோபரில் 74க்கு 72 என்று காபன் விலைச் சட்டத்தைக் கீழ்ச்சபையில் நிறைவேற்றினார். நவம்பரில் செனட்டும் ஏற்றது. 2012 ஜூலை 1 முதல் ஒரு தொன்னுக்கு 23 டொலர்.

மக்கள் கையைக் கடிக்கக் கூடாது என்று வருமான வரி விலக்கு எல்லையை 6,000 டொலரிலிருந்து 18,200 டொலராகக் கூட்டினார்கள். அதை யாரும் பேசவில்லை. வைஅல்லா என்ற உருக்காலை நகரமே அழிந்துவிடும் என்று அபொட் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். நகரம் அழியவில்லை. ஆனால் கரண்ட் பில் கையில் இருக்கும்போது கடல் மட்டம் யாருக்கு ஞாபகம் வரும்? நம் ஊரிலும் அதே கதைதானே.

2013இல் அபொட் வென்றார். 2014 ஜூலை 17ஆம் திகதி செனட் 39க்கு 32 என்று சட்டத்தை நீக்கியது. வரி விலக்கு எல்லை மட்டும் அப்படியே இருந்தது. அது உண்மையில் காபன் வரியே அல்ல, மக்களின் பணப்பையை வைத்து நடத்திய அரசியல் என்று அபொட்டின் முன்னாள் அலுவலகத் தலைவியே 2017இல் தொலைக்காட்சியில் சொன்னார்.

2022இல் தொழிற் கட்சி மீண்டும் வந்து, 2030க்குள் 43 வீதக் குறைப்பு என்ற இலக்கைச் சட்டமாக்கியது. பசுமைக் கட்சி அதுவும் போதாது என்றுதான் சொன்னது. ஆனால் இந்தமுறை ஆதரவாக வாக்களித்தது.