எலும்புக்குப் பாரம் தெரிவது எப்படி?

எலும்பு எண்டால் செத்த சாமான் எண்டுதான் நாங்கள் கனபேர் நினைக்கிறம். ஆனால் டென்னிஸ் வீரர்களைப் பாருங்கள்: மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையை விடத் தடிப்பாக இருக்கும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கோ இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. அப்படியெண்டால் பாரம் வந்ததையும் போனதையும் உள்ளே ஏதோ ஒன்று அறிகிறது. அது என்ன எண்டு கண்டுபிடிக்க நூறு வருசத்துக்கு மேல் எடுத்தது.

கதை 1866இல் சூரிச்சில் தொடங்குகிறது. உடற்கூற்றியலாளர் ஹெர்மன் மேயர், வெட்டிய தொடை எலும்பின் உள்ளே மெல்லிய சட்டங்கள் வளைந்து ஓடுவதைக் காட்டினார். பொறியியல் பேராசிரியர் கார்ல் குல்மனுக்கு அது பழக்கமான படம். பாரந்தூக்கியில் விசை போகும் பாதையை அவர் அப்படித்தான் வரைவார்.

பேர்லின் சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்ஃப் அதைப் பிடித்துக்கொண்டார். பாரம் மாறினால் எலும்பின் அமைப்பும் கணித விதிப்படி மாறும் எண்டு 1892இல் புத்தகமே எழுதினார். பெயர் அவருக்குப் போனது; இண்டைக்கும் அது 'வொல்ஃபின் விதி'தான். ஆனால் எலும்பு மாறும் எண்டு சொன்ன விதி, பாரத்தை உணர்வது எது எண்டு சொல்லவில்லை.

1960களில் மொஸ்கோவில் அலெக்சாண்டர் ஃபிரீடென்ஸ்டைன், என்பு மச்சையில் புது எலும்பை உருவாக்கக்கூடிய கலங்கள் இருப்பதைக் காட்டினார். இண்டைக்கு ஸ்டெம் செல் எண்டு சொல்லும் மூலக்கலங்களில் இவையும் ஒரு வகை. கட்டுகிற ஆள் கிடைத்தாச்சு. எப்ப கட்டவேணும் எண்டு அதுக்கு எப்படித் தெரியும்?

2010இல் ஒரு பெரிய துப்புக் கிடைத்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பெய்ரூட்டை விட்டு அமெரிக்கா போன அர்டெம் படபூட்டியனும் அவரது ஆய்வுகூடத்தினரும் 'பியசோ1' எண்ட புரதத்தைக் கண்டறிந்தார்கள். கலத்தின் மென்சவ்வு இழுபட்டால் திறக்கும் ஒரு வாசல் அது. திறந்தால் கல்சியம் உள்ளே போகும். 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நாங்கள் நடக்கும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது, அதன் நுண்கால்வாய்களில் திரவம் அசைகிறது. இதை உணரும் என்புக் கலங்கள் அனுப்பும் செய்தியால் மூலக்கலங்கள் எலும்பு கட்டும் கலங்களாக மாறுகின்றன. 2019இல் வெளியான ஆய்வுகளில், என்புக் கலங்களில் பியசோ1 இல்லாத எலிகளின் எலும்பு மெலிந்தது. பாரம் ஏற்றியும் அது வழமைபோலத் தடிக்கவில்லை. உணரும் வழிகள் வேறும் உண்டு, ஆனால் இது முக்கியமான ஒன்று.

படுத்த படுக்கையாகிவிட்ட அம்மம்மாவின் எலும்பு ஏன் மெலியுது எண்டதுக்கும் விடை இதுக்குள்ளதான் இருக்கு. நடக்க முடியாதவர்களுக்கு அந்த வாசலை மருந்தால் திறக்கலாமா எண்டு இப்ப ஆராய்கிறார்கள். விதியைப் பாடமாக்கினதோட நிண்டிருந்தால், இந்தக் கேள்வியே வந்திருக்காது.