எடின்பரோ உரையில் நட்பு: அசரியாவை மறுபடி வாசித்தல்

1910 ஜூனில் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் இந்தியரான வே. ச. அசரியா ஆற்றிய உரை அதன் முடிவுக்காகவே நினைவில் நிற்கிறது. மேலைத் திருச்சபைகளிடம் அவர் கடைசியாகக் கேட்டது நண்பர்களை. காலனிய அவமதிப்பால் புண்பட்ட ஒருவரின் முறையீடாக இதைப் படிப்பது வழக்கமாகிவிட்டது. மிஷனரிகள் சற்று இங்கிதமாக நடந்து, கைகுலுக்கி, விருந்துக்கு அழைத்திருந்தால் குறை தீர்ந்திருக்கும் என்பது இந்த வாசிப்பின் உட்கிடை. உரை இதற்கு இடம் தருவதாகத் தெரியவில்லை.

விருந்தோம்பல் பற்றிய மனக்குறை உரையில் உண்டுதான். ஆனால் அசரியா விரல் வைக்கும் இடம் சம்பளம். மிஷனரி கொடுப்பவர், இந்திய ஊழியர் வாங்குபவர். கீழ்நிலை ஊழியர்கள் மிஷனரியை 'எஜமான்' என்றே விளித்ததை அவரே எடுத்துக்காட்டுகிறார். உபதேசியாரின் பிழைப்பு ஒருவர் கையெழுத்தில் இருக்கும்வரை, அவர் வீட்டுத் தேநீரால் ஆவது கொஞ்சம். குருப்பட்டமும் இதை மாற்றிவிடவில்லை: கடலூரில் பிறந்த ஆரோன் என்ற இந்தியர் தரங்கம்பாடியில் 1733இலேயே அதைப் பெற்றுவிட்டார்.

முடிவுக்குச் சற்று முன்னால், பலரும் தாண்டிப்போகும் ஒரு பத்தி இருக்கிறது. எபேசியர் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தை அசரியா அங்கே துணைக்கு அழைக்கிறார். கிறிஸ்துவின் அன்பை எல்லாப் பரிசுத்தவான்களோடும் சேர்ந்தே உணர முடியும் என்பது பவுலின் கருத்து. ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தனித்தும் அறிய முடியாது, இந்தியரும் சீனரும் ஜப்பானியரும் தனித்தும் அறிய முடியாது என்று அசரியா அதை விரிக்கிறார். அப்படியானால் நட்பில்லாத சபைக்கு இறையறிவே குறைகிறது. கேட்பவரோடு கேட்கப்படுபவரும் அந்தக் குறையில் பங்காளி. யாசகம் என்ற வாசிப்பு இங்கே நிற்காது. மேடை அலங்காரம் என்று இப்பத்தியைக் கழிப்பாரும் உண்டு. இறுதி வேண்டுகோள் இதன் மேல்தான் எழுகிறது என்பதால் அந்தக் கருத்தில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

1921இல் சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரெஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள். சம்பளம் என்ற ஏற்பாடு அங்கே இல்லை. கதரும் கூட்டு வாழ்வும்தான். ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர் இளையவராக இருக்க ஒப்பிய வீடு அது. இதை எடின்பரோ உரையின் நேரடி விளைவு என்று நான் வாதிடவில்லை. அசரியா கேட்ட நட்புக்கு எத்தகைய ஏற்பாடு தேவை என்பதை ஆசிரமம் காட்டுகிறது, அவ்வளவே.

படித்தவர் இருவர் நட்பாவது எளிது, ஊரும் சேரியும் நட்பாவதே சோதனை என்ற மறுப்பு கனமானது. ஆனால் அது அசரியாவின் வாதத்தைத் தகர்ப்பதில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரித்து எழுந்த சுவரை நாம் சமூகக் கேடு என்ற தலைப்பில் வைத்துப் பேசுகிறோம். எபேசியர் பத்தியை அவர் படித்தபடி படித்தால், அது இறையியலில் வைத்துப் பேச வேண்டிய சுவர்.