மொனாக்கோவின் சூதாட்டக் கழகம்

மத்தியதரைக் கடலோரத்திலே, பிரான்சு தேசத்தின் நிலப்பரப்பால் மூன்று புறமும் சூழப்பெற்று, இரண்டு சதுர கிலோமீற்றர் அளவினதாகிய சிற்றரசு ஒன்று உள்ளது. அதுவே மொனாக்கோ. முன்னாளில் அது இத்துணைச் சிறியதன்று. மென்டன், ரொக்புரூன் என்னும் இரண்டு ஊர்களும் அதற்கு உரியனவாயிருந்தன. அங்கு விளைந்த எலுமிச்சை மீதும் ஒலிவ எண்ணெய் மீதும் விதித்த வரியே அரண்மனைக்கு வாழ்வளித்தது. வரிச்சுமை பொறாத அவ்வூரார் 1848 இற் பிரிந்துபோயினர். 1861 இல் மூன்றாம் சார்ள்ஸ் இளவரசர் நாற்பது இலட்சம் பிராங்கு பெற்றுக்கொண்டு அவ்வூர்களைப் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தார். எஞ்சியவை ஒரு பாறையும், ஒரு துறையும், வெறுங்குன்று ஒன்றுமே.

இந்நிலையிற் சூதாட்டசாலையே அரண்மனையின் நம்பிக்கையாயிற்று. பிரான்சிலே சூதாட்டசாலைகள் 1837 ஆம் ஆண்டின் முடிவோடு மூடப்பட்டிருந்தன. 1856 இல் முதன்முதலாக அனுமதி பெற்றவர்கள் தோற்றுப்போயினர். நல்ல வீதியுமில்லை, புகையிரதமுமில்லை. ஆட வருபவர் யார்? 1863 இல் பிரான்சுவா பிளாங் என்பவர் பதினேழு இலட்சம் பிராங்கு கொடுத்து, ஐம்பது ஆண்டுகளுக்கு அவ்வுரிமையை வாங்கினார். ஜெர்மனியின் ஹொம்பேர்க் நகரிற் சூதாட்டசாலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டியவர் அவர். அவரது தொழிலின் நுட்பம் எளிது. சுழல் தட்டிலே ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்களும் ஒரு சுழியமும் உண்டு. ஆக, முப்பத்தேழு அறைகள். வென்றவனுக்கோ பந்தயப் பணத்தோடு அதன் முப்பத்தைந்து மடங்கே கிடைக்கும். எனவே, வைக்கப்படும் ஒவ்வொரு முப்பத்தேழு பிராங்கிலும் ஒன்று, சராசரியாக, சாலைக்காரருக்கே சேர்கின்றது. வஞ்சனை வேண்டியதில்லை, கணக்கே போதும்.

கம்பனிக்கு அவர் இட்ட பெயரின் பொருள், கடல் நீராடலுக்கும் அந்நியர் கழகத்துக்குமான சங்கம் என்பது. வள்ளுவர் காலத் தமிழிலே கழகம் என்ற சொல் சூதாடுமிடத்தைக் குறித்ததை அறிந்தோர்க்கு இப்பெயர் நகை விளைக்கும். ஆயினும் அந்நியர் என்ற சொல்லே இங்கு முக்கியமானது. மொனாக்கோக் குடிகள் அச்சாலையில் ஆடுதல் தடுக்கப்பட்டிருந்தது. இழப்பு வெளியாருக்கு, இலாபம் கம்பனிக்கும் இளவரசருக்கும். 1866 இல் அக்குன்று சார்ள்ஸின் மலை எனப் பொருள்படும் மொண்டி கார்லோ என்ற பெயரைப் பெற்றது. 1868 இற் புகையிரதம் வந்தது. 1869 இல் இளவரசர் குடிகள் மீதிருந்த நேர்முக வரிகளை நீக்கினார். எலுமிச்சை வரியாற் குடிகளை இழந்த அரசு, இப்போது வரியையே கைவிட்டது. அயலூராரோ, பொருளிழந்தோர் தற்கொலை செய்வதைச் சுட்டி, சாலையை மூடவேண்டுமென முறையிட்டனர்.

வரியில்லாக் குடிகளும் நிறைவடையவில்லை. குடிகளிடம் பணம் கேளாத அரசருக்கு அவர்களிடம் கருத்துக் கேட்கவேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று என்பதே உண்மை. முதலாம் அல்பேட் இளவரசர் கடலாராய்ச்சியில் பேரார்வம் உடையவர். அவர் அமைத்த அழகிய கடலியல் நூதனசாலை 1910 இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், நல்ல வேலைகள் பிறநாட்டாருக்கே போகின்றன என்றும், ஆட்சியிற் பங்கு வேண்டுமென்றும் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். 1911 இல் அரசியலமைப்பு வழங்கப்பட்டது.

1950 களின் முற்பகுதியிற் கிரேக்கக் கப்பற் செல்வர் அரிஸ்டோட்டில் ஒனாசிஸ் கம்பனியின் பங்குகளைப் பெருமளவில் வாங்கி அதனைத் தம் கைக்குட்படுத்தினார். பெருஞ்செல்வர் சிலர் வந்தாற் போதும் என்பது அவர் எண்ணம். ஏராளமான பயணிகள் வரவேண்டும், விடுதிகள் பெருகவேண்டும் என்பது மூன்றாம் ரெய்னியர் இளவரசரின் விருப்பம். நாட்டின் முதற்சொத்து ஒரு தனியார் கையில் இருக்கலாமா என்ற வினா அப்பொழுதுதான் வெளிப்படையாக எழுந்தது. 1966 இல் அரசு சட்டமியற்றி, ஆறு இலட்சம் புதிய பங்குகளை உண்டாக்கித் தானே எடுத்துக்கொண்டது. ஒனாசிஸ் நீதிமன்றம் சென்றும் பயனில்லை. 1967 இல் தம் பங்குகளை விற்று விலகினார்.

அதுமுதல் அரசே பெரும்பங்குதாரராக விளங்குகின்றது. இன்று அந்நாட்டின் வருவாயிற் சூதாட்டத்தின் பங்கு சிறிதே. வணிகத்தின் மீதான வரியே பெரிது. குடிகள் மேசையிற் பணம் வைத்தலாகாது என்ற பழைய தடை மட்டும் இன்னும் நீக்கப்படவில்லை.