தரங்கம்பாடியில் கேட்ட கேள்வி



ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில் நம் சபையில் பேச்சுக்குக் குறைவில்லை. படிப்பு, வேலை, ஊர்ச் செய்தி எல்லாம் பேசுவோம். ஆனால் விசுவாசத்தில் தனக்குச் சந்தேகம் இருக்கிறது என்றோ, பெரியவர்கள் செய்வது பிழை என்றோ ஒரு பிள்ளை வாய்திறந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. உண்மையைச் சொல்லவும், அதைக் கேட்டுத் திருந்தவும் இடமுள்ள ஒரு சபையை எப்படிக் கட்டியெழுப்புவது? டென்மார்க்கையும் தமிழரையும் முதன்முதலில் சேர்த்துவைத்த ஊரின் வரலாறு இதற்கு ஒரு பதில் தருகிறது.

அந்த ஊர் தரங்கம்பாடி. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரின் உடன்படிக்கையோடு டேனியர் அங்கே குடியேறி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. நம் பெற்றோர் அகதிகளாக ஹொல்ஸ்டெப்ரோ போன்ற ஜூட்லாந்துப் பட்டணங்களுக்கு வரத் தொடங்கியது 1980களில். அதற்கு ஏறக்குறைய 280 ஆண்டுகளுக்கு முன், 1706 யூலை 9இல், டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பிய இரண்டு ஜேர்மனியர் அந்தக் கரையில் இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, மற்றவர் ஹென்றி புளுட்சோ. சீகன்பால்குக்கு அப்போது ஏறக்குறைய 24 வயதுதான்.

சீகன்பால்கு என்றதும் 1715இல் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடும், 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயமும் நம் நினைவுக்கு வரும். அவர் தொடங்கிய விதம் அவ்வளவு பேசப்படுவதில்லை. தமிழர் கல்வியற்ற முரட்டு மக்கள் என்ற எண்ணத்தோடுதான் அவர் வந்தார். வந்த புதிதில் வழியோரக் கோயிலொன்றில் இருந்த உருவங்களைத் தள்ளி உடைத்தார். அங்கே வந்த ஒரு தமிழ் உபாத்தியாயர், அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவற்காரர் மட்டுமே என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். தாம் செய்ததையும் உபாத்தியாயர் சொன்னதையும் சீகன்பால்கு மறைக்காமல் ஐரோப்பாவுக்கு எழுதினார்.

அவரை மாற்றியது மொழி. சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். அழகப்பன் என்ற பன்மொழி அறிந்த துபாஷியிடம் பேசக் கற்றார். 1708க்குள் நூற்றுக்கும் அதிகமான தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, படித்து, பட்டியலிட்டார். இந்த மக்களைப் பற்றித் தாம் முன்பு நினைத்தது தவறு என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டார்.

பிறகு 1712இல் ஒரு புதிய முயற்சி தொடங்கியது. சீகன்பால்கும் அவருடைய உடன் ஊழியர் கிரண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பினார்கள். கடவுள், பாவம், கல்வி, மருத்துவம், திருமணம் என்று பலவற்றைப் பற்றிய கேள்விகள். 1714 வரை வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜேர்மன் மொழியாக்கத்தில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை அழகப்பனே எழுதியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று, தமிழர் ஏன் கிறிஸ்தவ மார்க்கத்தை ஏற்பதில்லை என்பது. பதிலில் தயவுதாட்சண்யம் இல்லை. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டிறைச்சி உண்கிறார்கள், உடற்சுத்தம் பேணுவதில்லை, தாங்கள் பிரசங்கிக்கிற வேதத்தின்படி தாங்களே நடப்பதில்லை என்று எழுதினார்கள். கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியரைத் தினமும் பார்த்தவர்களின் சாட்சி அது. மிஷனரிகள் அதைக் கிழித்துப்போடவில்லை. மொழிபெயர்த்து ஜேர்மனியிலுள்ள ஹாலேக்கு அனுப்பினார்கள். அங்கே அது அச்சேறியது. இந்த ஊழியத்துக்குக் காணிக்கை கொடுத்த மக்களே தங்களைப் பற்றிய குற்றச்சாட்டை வாசித்தார்கள்.

இதை மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. கடிதங்களுக்கு அடியில் மிஷனரிகள் தங்கள் மறுப்புகளைக் குறிப்பாகச் சேர்த்தார்கள். கடைசிச் சொல் அவர்களுடையதாகவே இருந்தது. உண்மை பேசியதற்கான விலையும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. சீகன்பால்கு டேனியத் தளபதி ஹாசியஸோடு முரண்பட்டு ஏறக்குறைய நான்கு மாதம் சிறையிருந்தார். ஆனால் அவருக்காகப் பேச ஐரோப்பாவில் ஆட்கள் இருந்தார்கள். மிஷனரிகளுக்கு உதவிய அழகப்பன் தரங்கம்பாடியைவிட்டே வெளியேற்றப்பட்டார்.

இன்னொன்றும் நடந்தது. 1713இல் சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி, தமிழரிடம் கேட்டறிந்ததையும் அவர்கள் நூல்களில் வாசித்ததையும் கொண்டு ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்தார். புறமதத்தை ஒழிக்கவே மிஷனரிகளை அனுப்பினோம், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. பிராங்கே பக்தியுள்ள மனிதர், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியவர். ஆனாலும் பயம் அவரைப் பேச்சை அடைக்க வைத்தது. அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சானது. 1719இலேயே இறந்துபோன சீகன்பால்கு அதை அச்சில் காணவில்லை.

ஹாலே அந்தக் கடிதங்களை அச்சிட்டதால் தரங்கம்பாடித் தமிழர் என்ன நினைத்தார்கள் என்று 300 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அறிகிறோம். அதே ஹாலே ஒரு நூலை ஒதுக்கிவைத்ததால் 150 ஆண்டுகள் அதை யாரும் வாசிக்க முடியவில்லை. நேர்மையான பேச்சு தானாக முளைப்பதில்லை. பலமுள்ளவர் முதலில் கேட்க வேண்டும். வரும் பதில் தம்மைச் சுட்டாலும் அதை அழிக்காமல் வைக்க வேண்டும். பேசியவருக்குத் தீங்கு வராமல் காக்கவும் வேண்டும். தரங்கம்பாடியில் முதல் இரண்டும் நடந்தன. மூன்றாவதை அழகப்பனுக்கு யாரும் செய்ய முடியவில்லை.

நம் சபையில் பலமுள்ளவர் யார்? தமிழில் வேதம் வாசித்து ஜெபிக்கும் மேசையில் பெற்றோர் பலமுள்ளவர்கள். டேனிஷ் மொழியில் கடிதமும் படிவமும் நிரப்பும் மேசையில் பிள்ளைகள் பலமுள்ளவர்கள். இரு சாராருக்கும் மணலில் உட்கார்ந்து மற்றவரின் மொழியைப் படிக்கும் வேலை இருக்கிறது. யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் பேசுவதற்கு முன்பாகக் கேட்பதை வைத்ததும் இதற்காகத்தானே?

ஆகவே அடுத்த வாலிபர் கூட்டத்தில் ஒன்று செய்வோம். நம் சபையில் எது உங்களைத் தள்ளிவைக்கிறது என்று பெரியவர்கள் வாலிபரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். வாலிபரும் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். பதில்களைப் பெயரில்லாமல் எழுதி, கூட்டத்தில் முழுவதுமாக வாசிப்போம். அன்று மறுப்பு எதுவும் சேர்க்க வேண்டாம். ஒரு வாரம் அந்தப் பதில்களோடு ஜெபித்துவிட்டு, அடுத்த வாரம் பேசுவோம்.