முகமும் பெயரும்: எடோ அச்சோவியங்கள் கூறும் வரலாறு

ஓவியத்தில் உள்ள முகம் எப்போது குறிப்பிட்ட ஒருவரின் முகமாகிறது? 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானின் எடோ நகரில், அதாவது இன்றைய தோக்கியோவில், இவ்வினா அரசாணை வரை சென்றது.

அக்காலத்து மர அச்சோவியம் நால்வர் உழைப்பின் பயன். ஓவியர் வரைந்தார், செதுக்குநர் அதனைப் பலகையில் வெட்டினார், அச்சிடுநர் வண்ணத்திற்கொரு பலகையாகத் தாளில் ஒற்றியெடுத்தார், பதிப்பாளர் முதலிட்டு விற்றார். இதனால் ஓவியம் நகரத்துப் பொதுமக்களும் வாங்கும் பொருளாயிற்று.

1790களின் தொடக்கத்தில் கித்தகாவா உத்தமாரோ பெண்களின் தலையும் மார்பளவு உருவமும் தாளை நிறைக்குமாறு வரைந்தார். இவ்வகைக்கு 'ஓகுபி-எ', அதாவது பெருந்தலைப் படம், என்று பெயர். 1793ஐ ஒட்டி அவர் வரைந்த மூன்று அழகியர் படத்தில் மூவரும் முதல் நோக்கில் உடன்பிறந்தார் போலவே தோன்றுவர். ஊன்றி நோக்கினால் மூக்கின் வளைவிலும் கண்ணின் அமைப்பிலும் நுண்ணிய வேறுபாடுகள் புலப்படும். அவ்வேறுபாட்டை உறுதிசெய்தது பெயர். மூவருள் ஒருத்தியான ஒகிதா, நானிவாயா என்னும் தேநீர்க்கடையில் பணிபுரிந்த எளிய பெண். அச்சோவியம் அவளை நகரறியச் செய்தது.

மக்கள் தத்தம் நிலையில் அடங்கி வாழ வேண்டும் என்று கருதிய அரசு இப்புகழை விரும்பவில்லை. கணிகையர் அல்லாத பெண்களின் பெயரை அச்சோவியத்தில் பொறிப்பதை 1793இல் தடைசெய்தது. உத்தமாரோ மொழியின் துணையை நாடினார். படத்தின் மேல்மூலையில் இரண்டு கீரைக்கட்டு, ஓர் அம்பு, கடல், வயல் ஆகியவற்றை வரைந்தார். ஜப்பானிய மொழியில் கீரை 'நா', இரண்டு கட்டு 'நிவா', அம்பு 'யா', கரைக்கு அப்பாலுள்ள கடல் 'ஒகி', வயல் 'தா'. சேர்த்து ஒலித்தால் நானிவாயா ஒகிதா! பெயரை எழுதாமலே பெயர் ஒலித்தது.

1796இல் இப்படப்புதிர்களும் தடைசெய்யப்பட்டன. 1800இல் பெண்களின் பெருந்தலைப் படங்களுக்கே தடை வந்தது.

இத்தடைகளின் வரிசை கருதத்தக்கது. முதலில் எழுத்து, அடுத்துக் குறிப்பு, இறுதியில் முகம். பெயரை நீக்கினால் முகம் யாருடையதும் அல்லாத பொதுமுகமாகிவிடும் என்பது முதல் ஆணையின் எதிர்பார்ப்பு. ஆனால், முகத்தையே பெயராகப் படிக்க மக்கள் கற்றுக்கொண்டனர். இறுதி ஆணை அதனை ஒப்புக்கொண்டது போல் அமைந்துவிட்டது.

இவ்வோவியங்களைக் காணும் மாணவர் முகத்தோடு நின்றுவிடாமல் மூலையையும் நோக்குக. அங்கே ஒரு கடைப்பெண்ணின் பெயர் இன்றும் காத்திருக்கக்கூடும்.