'கவனம் போதாது': டிஸ்பிராக்சியாவின் வரலாறும் ஒரு பழைய ரிப்போர்ட் புத்தகமும்



இந்த முறை இலக்கணப் பயிற்றியோ கட்டுரை மாதிரியோ அனுப்பவில்லை. ஒரு சொல்லின் வரலாற்றை எழுதியிருக்கிறேன். படித்து முடித்ததும் உங்கள் வகுப்பில் ஒரு மாணவரின் முகமாவது நினைவுக்கு வரும் என்று நம்புகிறேன்.

அந்தச் சொல் டிஸ்பிராக்சியா. கிரேக்க மொழியிலிருந்து வந்தது. 'டிஸ்' என்பது இடர்ப்பாடு, 'பிராக்சிஸ்' என்பது செயல். இது உள்ளவருக்குக் கை கால் நன்றாக இருக்கும், அறிவிலும் குறை இருக்காது. ஆனால் ஓர் அசைவைத் திட்டமிட்டு, வரிசைப்படுத்தி, யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பழகிக்கொள்வதுதான் அவருக்குப் பெரும்பாடு. சப்பாத்துக் கயிறு கட்டுவது, கோட்டின் மேல் எழுதுவது, பந்தைப் பிடிப்பது என மற்றவருக்குத் தானாக வருவதெல்லாம் இவருக்குத் தினம் தினம் புதுப்பாடம். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 அல்லது 6 பேருக்கு இது இருக்கலாம் என்று மருத்துவக் கையேடுகள் மதிப்பிடுகின்றன. அப்படிப் பார்த்தால் 35 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் இருவர் இருக்கக்கூடும்.

எனக்கும் இது இருக்கிறது. போன ஆண்டு, 36 வயதில்தான் தெரிந்தது. அது எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வரலாறு.

கதை பெரியவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது. 1900இல் ஜெர்மானிய மருத்துவர் ஹியூகோ லீப்மன், ஓர் அரசு அதிகாரியைப் பற்றி எழுதினார். அவருடைய வலக்கை செயலிழக்கவில்லை. ஆனாலும் சொன்ன செயலை அந்தக் கையால் செய்ய முடியவில்லை. தசையில் குறையில்லை, செயலைத் திட்டமிடும் மூளைப் பகுதியில்தான் பாதிப்பு என்று லீப்மன் விளக்கினார். 'அப்பிராக்சியா' என்ற சொல் மருத்துவத்தில் வேரூன்றியது. ஆனால் இது நன்றாக இருந்த ஒருவர் மூளைப் பாதிப்பால் திறனை இழந்த கதை. அந்தத் திறனே சரியாக வளராத பிள்ளைகளைப் பற்றி அப்போது பெரிதாகப் பேச்சில்லை.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். வாசிப்பு, எழுத்து, பேச்சு ஆகியவற்றில் பிள்ளைகள் படும் சிரமங்களைப் பற்றியது. அதில் அளவுக்கு மீறிய தடுமாற்றத்தையும் ஒரு வளர்ச்சிச் சிக்கலாகவே அவர் சேர்த்தார்.

அடுத்த திருப்பம் 1962. ஜான் வால்டனும் அவருடைய சக மருத்துவர்களும் 'பிரெய்ன்' என்ற ஆய்விதழில் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ இதழும் இதைப் பற்றித் தலையங்கம் தீட்டியது. 1972இல் அமெரிக்கத் தொழிற்சிகிச்சை நிபுணர் ஜீன் ஏயர்ஸ், புலன்வழி வரும் செய்திகளை மூளை ஒருங்கிணைக்கும் விதத்தோடு இதைத் தொடர்புபடுத்தினார். 1975இல் ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் சாசன் குபே ஒரு நூலே எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'தடுமாறும் குழந்தை' என்று சொல்லலாம்.

இந்தப் பெயர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். மருத்துவர்கள் அக்கறையோடுதான் எழுதினார்கள். ஆனால் வைத்த பெயர் என்னவோ பிள்ளையைத் திட்டுகிற பெயர்தான்! பெயர் மாற இன்னும் காலம் பிடித்தது.

1987இல் இரண்டு சம்பவங்கள் நடந்தன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் கையேட்டில் 'வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு' என்ற பெயரை முதன்முதலாகச் சேர்த்தது. அதே ஆண்டு பிரிட்டனில், மருத்துவமனையில் சந்தித்துக்கொண்ட இரண்டு தாய்மார்கள் டிஸ்பிராக்சியா அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார்கள். பல ஆண்டுகள் பெற்றோருக்கும், பிறகு பெரியவர்களுக்கும் கைகொடுத்த அந்த அமைப்பு 2024இல் மூடப்பட்டது.

1994இல் பல நாட்டு ஆய்வாளர்கள் லண்டனில் கூடினார்கள். இங்கிலாந்து லண்டன் இல்லைங்க, கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள லண்டன். ஆளுக்கொரு பெயரில் எழுதிக்கொண்டிருந்தால் ஆய்வுகளை ஒப்பிட முடியாது என்று, அமெரிக்கக் கையேட்டின் பெயரையே பொதுப்பெயராக ஏற்றுக்கொண்டார்கள். மக்கள் வழக்கில் மட்டும் டிஸ்பிராக்சியாவே நிலைத்துவிட்டது.

சரி, பெரியவர்கள் எங்கே போனார்கள்? இந்த வரலாறு முழுக்கப் 'பிள்ளைகள்' என்றே வருகிறதே! வளர வளரச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அந்த நம்பிக்கையை 1991இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு ஆட்டங்காண வைத்தது. 6 வயதில் தடுமாற்றம் இருந்த பிள்ளைகளை 16 வயதில் மீண்டும் சோதித்தபோது, பெரும்பாலோருக்குச் சிரமம் அப்படியே இருந்தது. ஆனால் பரவலாகப் பயன்பட்ட அசைவுத்திறன் சோதனையின் 2007ஆம் ஆண்டுப் பதிப்புகூட 16 வயதோடு நின்றுவிட்டது. பெரியவர்களுக்கென்று அமண்டா கர்பியும் மற்ற ஆய்வாளர்களும் உருவாக்கிய கேள்விப் பட்டியல் 2010இல்தான் வெளிவந்தது. 'ஹாரி பாட்டர்' நடிகர் டேனியல் ராட்கிளிஃப் தனக்கு இது இலேசாக இருப்பதாக 2008இல் சொன்ன பிறகுதான் பலர் இந்தச் சொல்லையே கேள்விப்பட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

படிவம் இரண்டில் எனக்கொரு மாணவன். வாயால் கேட்டால் அருமையாகப் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் போகாது. 'ண'வுக்கு எத்தனை சுழி என்று அவனுக்குத் தெரியும், கைதான் எங்கேயோ போய்விடும். அவன் நோட்டில் 'எழுத்தைத் திருத்து' என்று வாரா வாரம் சிவப்பு மையில் எழுதினேன். ஒருநாள் அவன் கேட்டான், "டீச்சர், உங்க எழுத்தும் வெண்பலகையில மேல ஏறிக்கிட்டே போகுதே, உங்களுக்கு யாரு திருத்துவாங்க?" கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே கேட்டான்.

அன்றிரவு தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றது, பொங்கல் கோலப் போட்டியில் தோழிகள் என் கையிலிருந்து மாவைப் பிடுங்கிக்கொண்டது, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. மருத்துவரைப் பார்க்கப் போனேன். "இந்த வயசுல எதுக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர் ஒரு தொழிற்சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார். அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயசுல எப்படி இருந்தீங்க? ஏதாவது ஆதாரம் இருக்கா?"

இங்கேதான் வரலாறு எனக்கு உதவியது. தற்போதைய வரையறையில் நான்கு நிபந்தனைகள் உண்டு. அசைவுத்திறன் வயதுக்கேற்ப இருக்கக்கூடாது. அது அன்றாட வாழ்க்கையையோ படிப்பையோ பாதிக்க வேண்டும். சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வேறு நோயோ பார்வைக் குறையோ அறிவுத்திறன் குறைபாடோ காரணமாக இருக்கக்கூடாது. மூன்றாவது நிபந்தனைக்குப் பெரியவர்கள் சாட்சிக்கு எங்கே போவார்கள்?

நான் அம்மாவிடம் போனேன். "ஆறாம் ஆண்டு வரைக்கும் உனக்குச் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டது நான்தான். சோம்பேறித்தனம்னு நெனச்சிட்டேம்மா" என்றார். பிறகு அலமாரியிலிருந்து என் தமிழ்ப்பள்ளி ரிப்போர்ட் புத்தகங்களை எடுத்துக் கொடுத்தார். ஆறு ஆண்டுகள், ஆறு வகுப்பாசிரியர்கள். 'எழுத்தில் கவனம் போதாது', 'முயற்சி தேவை', 'சோம்பலைக் கைவிட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். நான்காம் ஆண்டு ஆசிரியர் மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார்: 'வாய்மொழியில் சிறப்பு. எழுதும்போது விரைவில் கை வலி என்கிறாள். பந்து பிடிக்கச் சிரமப்படுகிறாள்.'

நிபுணர் அந்த வரிகளைத்தான் இரண்டு முறை படித்தார். மற்ற ஐந்து பேரும் தீர்ப்பு எழுதியிருந்தார்கள், இவர் பார்த்ததை எழுதியிருந்தார். டிஸ்பிராக்சியா என்ற சொல்லே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனாலும் 26 ஆண்டுகள் கழித்து எனக்காகச் சாட்சி சொன்னது அவருடைய எழுத்துதான்.

பெயர் கிடைத்து என்ன ஆனது என்று கேட்பீர்கள். இதற்கு மாத்திரை கிடையாது. என் எழுத்து இன்னும் மேலேதான் ஏறுகிறது. பலகையில் எழுதுவதைக் குறைத்து, முன்கூட்டியே தட்டச்சு செய்து திரையில் காட்டுகிறேன். தடித்த பேனா பிடிக்கிறேன். முக்கியமாக, என்னை நானே திட்டுவதை நிறுத்தியிருக்கிறேன். அந்த மாணவனின் பெற்றோரிடம் பேசி, பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். முடிவு இன்னும் வரவில்லை. முடிவு வரும்வரை காத்திராமல், கட்டுரையை அவன் வாயால் சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று விட்டிருக்கிறேன். இப்போது ஒரு பக்கம் வருகிறது.

நோயைக் கண்டறிவது நம் வேலை இல்லை. அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். ஆனால் ஆண்டிறுதியில் நாம் எழுதும் இரண்டு வரிக் கருத்து ஒரு வரலாற்று ஆவணம். 'கவனம் போதாது' என்று எழுதப் பேனா எடுக்கும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். எது முடிகிறது, எது முடியவில்லை, எப்போது களைத்துப்போகிறான் என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள். என்றைக்காவது அந்தப் பிள்ளை அதைத் தேடிக்கொண்டு வரலாம்.