நாளுக்கு நூறு துதி

இரவில் விளக்கை அணைக்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, அன்றைய பொழுதில் தமக்குக் கிட்டிய நன்மைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கும் வழக்கம் மேல்நாடுகளில் இக்காலத்தில் பெரிதும் பரவியிருக்கிறது. எம்மன்ஸ், மெக்கல்லோ என்னும் இரு அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள், மாணவர் சிலரை வாரம் ஒருமுறை ஐந்து நன்மைகள் வரையில் எழுதச் செய்து, தொல்லைகளை எழுதி வந்தவர்களைக் காட்டிலும் அவர்கள் வாழ்க்கையில் அதிகத் திருப்தி கொண்டிருந்ததை 2003-இல் வெளியிட்டபின், இவ்வழக்கத்துக்கு விஞ்ஞானத்தின் அங்கீகாரமும் கிடைத்துவிட்டது. ஆயினும், வாரத்துக்கு ஐந்து என்னும் இந்தக் கணக்கு மிகச் சொற்பமாகத் தோன்றும்படி, நாளொன்றுக்கு நூறு என்று எண்ணிக்கை வகுத்துக்கொண்டு நன்றி செலுத்தக் கற்ற சமூகம் ஒன்று உண்டு. அது யூத சமூகம்.

கி.பி. 70-இல் ரோமானியப் படை எருசலேம் தேவாலயத்தைத் தீக்கிரையாக்கியபின், பலிபீடமும் காணிக்கையும் இழந்த அம்மக்களுக்கு, வழிபாட்டின் பாரத்தில் பெரும்பகுதியை நாவே சுமக்க வேண்டிய நிலை நேர்ந்தது. ரபிகள் எனப்படும் ஆசாரியர்கள் வாய்மொழியாகப் போற்றி வந்த விதிகள் 200-ஆம் ஆண்டையொட்டி மிஷ்னா என்ற பெயரில் தொகுக்கப்பட்டபோது, துதிகளைப் பற்றிய பகுதியே அதன் முதற் பகுதியாயிற்று. அப்பகுதி விதைப்பு, விளைச்சல், தசமபாகம் ஆகியவற்றைக் கூறும் வேளாண் விதிகளுக்குத் தலைவாயிலாக நிற்பது கருதத்தக்கது. மண்ணும் அதன் விளைவும் இறைவனுடைய உடைமை ஆதலால், துதி கூறாமல் ஒரு கனியைத் தின்பவன் தேவாலயச் சொத்தைக் கையாடியவனுக்குச் சமானம் என்பது அந்த ஆசாரியர்கள் கொண்ட சித்தாந்தம். சிவன் சொத்து குலநாசம் என்று நம்மவர் அஞ்சுவதைப் போன்ற அச்சம் அதில் இருக்கிறது. துதியின் எண்ணிக்கை நாளொன்றுக்கு நூறு என்று விதித்தவராக, மிஷ்னாவுக்கு விரிவுரையாக எழுந்த பாபிலோனியத் தல்மூது குறிப்பிடுவது, இரண்டாம் நூற்றாண்டில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்த ரபி மெயிர் என்பவரை. தாவீது அரசர் காலத்தில் நாள்தோறும் நூறு பேர் மாண்டு வந்ததாகவும், அவர் நூறு துதிகளை ஏற்படுத்தியபின் அச்சாவு நின்றதாகவும் பின்னாளில் ஒரு ஐதிகமும் எழுந்தது.

இத்துதிகள் எவற்றுக்கு என்று பார்த்தால், அந்த ஆசாரியர்கள் அன்றாட வாழ்வை எத்துணை நுணுக்கமாகக் கவனித்தனர் என்பது விளங்கும். சேவல் கூவக் கேட்டதும் ஒன்று, கண் விழித்ததும் ஒன்று, எழுந்து உட்கார்ந்ததும் ஒன்று, உடை உடுத்ததும் ஒன்று, காலைத் தரையில் ஊன்றியதும் ஒன்று, செருப்பை மாட்டியதும் ஒன்று, கச்சையைக் கட்டியதும் ஒன்று என, மனிதன் வீட்டு வாயிலைத் தாண்டுமுன்னரே பத்துக்கு மேற்பட்ட நன்றிகள் சேர்ந்துவிடும். கொல்லைக்குப் போய்வந்தபின் சொல்வதற்கும், உடலின் துவாரங்கள் அடைபடாமலும் சிதையாமலும் தத்தம் தொழிலைச் செய்வதற்காக ஒரு துதி உண்டு. உணவென்று வந்தால் ரொட்டிக்கு வேறு, திராட்சை ரசத்துக்கு வேறு, மரத்தில் காய்ப்பதற்கு வேறு, நிலத்தில் விளைவதற்கு வேறு. வாழையின் தண்டு குலை தள்ளியபின் மடிந்துபோவதால், வாழைப்பழம் மரக்கனிகளின் வரிசையில் சேராமல் நிலத்து விளைவாகவே எண்ணப்படுகிறது. இந்தியாவிலிருந்து வந்த இஞ்சி முரப்பாவுக்கு எந்தத் துதியைச் சொல்வது என்று பாபிலோனியப் பண்டிதர்கள் ஆராய்ந்து, அதுவும் நிலத்தின் விளைவே என்று தீர்மானித்த செய்தியும் தல்மூதில் இருக்கிறது. இடிக்கும் மின்னலுக்கும், வானவில்லுக்கும், கடலுக்கும், வசந்தத்தில் முதன்முதலாகப் பூத்துநிற்கும் கனிமரத்துக்கும் தனித்தனியே துதிகள் உண்டு. துக்கச் செய்தி கேட்டபோதும், இறைவனை நீதிபதியாக ஏற்று ஒன்று சொல்லியாக வேண்டும். ஆகவே இதை இன்பங்களின் பட்டியல் என்று மட்டும் கருதுவது பொருந்தாது.

இத்துணை விரிந்த இப்பட்டியல் நெடுங்காலம் ஏட்டில் ஏறவில்லை. துதிகளை எழுதிவைத்தால் அந்த ஏடு ஓய்வுநாளில் தீப்பற்றும்போது அதைக் காப்பாற்ற விதியில் இடமில்லை என்றும், இறைவன் திருநாமம் அதில் எரிந்துபோகும் என்றும் கருதியவர்கள், எழுதுவதையே பெருங்குற்றமாகக் கொண்டார்கள். சீதோன் நகரில் ஒருவன் துதிகளை எழுதிவருகிறான் என்று கேள்வியுற்ற ரபி இஸ்மவேல், சோதித்துப் பார்ப்பதற்காக ஏணியில் ஏறிச் சென்றார். அவர் வரும் அரவத்தை உணர்ந்த அம்மனிதன், எழுதிய ஏட்டுக்கட்டு முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவிட்டான். எழுதிய குற்றத்தினும் அதனை அழித்த குற்றமே பெரிது என்று ரபி அவனைக் கடிந்துகொண்டதாகத் தல்மூது கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில்தான் இத்தடை முற்றிலும் தளர்ந்தது. ஸ்பெயின் தேசத்து லூசேனா நகர யூதர்கள், நூறு துதிகளும் யாவை என்று வினவி எழுத, பாபிலோனியாவில் சூரா வித்தியாபீடத்தின் தலைவராயிருந்த நத்ரோனாய் அவற்றை வரிசைப்படுத்தி விடை அனுப்பினார். அவருக்குப்பின் அப்பீடத்தில் அமர்ந்த அம்ராம், ஆண்டு முழுமைக்குமான பிரார்த்தனை முறையைத் தொகுத்து, அதனையும் ஸ்பெயினுக்கே அனுப்பிவைத்தார்.

நூறு என்னும் எண் நிறைவது எங்ஙனம் என்பதில் ஒரு சுவாரசியம் உண்டு. நின்றுகொண்டு சொல்லும் மௌனப் பிரார்த்தனையில் சாதாரண நாட்களில் 19 துதிகள் அமைந்திருப்பதால், மூன்று வேளையில் அதுவே 57 ஆகிவிடும். எஞ்சியவை காலை எழுச்சியிலும், மற்றப் பிரார்த்தனைகளிலும், இரு வேளை உணவிலும் அநேகமாகத் தாமே வந்து சேரும். ஓய்வுநாளிலோ அப்பிரார்த்தனையில் ஏழே துதிகள். ஒருமுறை கூடுதலாக நான்கு தடவை சொன்னாலும் 28-க்கு மேல் போகாது. இந்தக் குறையை ஈடுசெய்ய, ரபி ஹியா என்பவர் அந்நாளில் நறுமணப் பொருள்களையும் தின்பண்டங்களையும் தேடிக்கொண்டதாகத் தல்மூது குறிக்கிறது. எண்ணிக்கைக்காக வெறும் வாயால் துதியை மிகுதிப்படுத்துவது குற்றம். இறைவன் நாமத்தை வீணே உச்சரித்ததாக முடியும். ஆதலால் ஒரு துதி குறைந்தால் ஒரு பழத்தையாவது எடுத்துத் தின்ன வேண்டும், அல்லது ஒரு பூவையாவது முகர வேண்டும். நாள் முழுவதும் உபவாசமிருக்கும் பாவநிவிர்த்தி நாளில் பழத்துக்கும் வழியில்லாமையால், அந்த நாளில் கிராம்பு முதலிய வாசனைப் பொருள்களின் மணமே துணையாகும்.

காலப்போக்கில் காலைத் துதிகள் அவற்றுக்குரிய செயல்களிலிருந்து பிரிந்து, ஜெபாலயத்தில் ஒரே மூச்சில் ஓதப்படும் பாடமாயின. இதனைக் கண்டித்தவர்களில் பிரதானமானவர், 1138-இல் கார்டோவாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்து மறைந்த மைமோனிடிஸ் என்னும் வைத்தியரும் தத்துவ ஞானியுமாவார். உடுத்த உடையுடனேயே உறங்கி எழுந்தவன் உடைக்காகத் துதி சொல்லலாகாது. வெறுங்காலோடு நடப்பவன் செருப்புக்காகச் சொல்லலாகாது. அநுபவிக்காத நன்மைக்கு நன்றி கூறுவது பொய்யே என்பது அவர் கட்சி. ஆயினும் உலக வழக்கு அவருக்கு இணங்கவில்லை. 1565-இல் வெனிஸ் நகரில் அச்சேறிய தர்மசாஸ்திர நூலில் யோசேப் காரோ, விழித்தெழுகையில் கைகள் சுத்தமாயிராமையாலும், பாமரர் இத்துதிகளை அறியாமையாலும், அவற்றை ஜெபாலயத்திலேயே சொல்லும் வழக்கம் ஏற்பட்டதென்று எழுதினார். போலந்தில் கிராக்கோவ் நகரத்து மோசே இசர்லெஸ் அந்நூலுக்கு வரைந்த குறிப்பிலோ, செருப்பணியாதவனும் செருப்புக்கான துதியைச் சொல்லலாம். அது சொல்பவன் ஒருவனைக் குறித்ததன்று, உலகின் தேவைகளை இறைவன் படைத்தளித்ததைக் குறித்தது என்றார்.

இவ்விரு கட்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்குவோர்க்கு, இப்பழைய நியமத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பது புலனாகும். கழிந்துபோன பகலை இரவில் நினைவுகூர்ந்து எழுதும் பட்டியலுக்கு நினைவில் நின்றவையே வந்து சேரும். நூறு என்னும் கடனைக் காலையிலேயே தலைமேல் ஏற்றுக்கொண்டவனோ, கிடைக்கப்போகும் நன்மையை எதிர்நோக்கியே நாளைக் கழிக்க வேண்டியிருக்கிறது. பொய்யாகச் சொல்லவும் கூடாதென்ற விதி, பழத்தையும் பூவையும் இடியையும் உண்மையாகவே கண்டும் நுகர்ந்தும் அறியும்படி அவனை நிர்ப்பந்திக்கிறது. மைமோனிடிஸ் காத்தது இந்த உண்மையை. ஆனால் அவ்வுண்மை ஒருவன் தன் வீட்டு வரவுசெலவை எழுதுவதோடு நின்றுவிடும் அபாயமும் உண்டு. நன்மைகளின் ஜாபிதாவை நாள்தோறும் எழுதுவோர் பலர் தம் பாக்கியத்தைத் தாமே வியந்துகொள்வதில் முடிந்துவிடுவது இதனாலேதான். எனவே எனக்கு இசர்லெஸின் கட்சியே உவப்பானது: தன் காலில் செருப்பில்லாத நாளிலும் உலகத்தில் செருப்பு உண்டென்பதற்காக நன்றி சொல்லப் பழகியவனுடைய நன்றி, அவனுடைய பாக்கியம் குறைந்தாலும் குறையாது.